டிரான்ஸ்கோடிங் ஃபோல்டரை எங்கே வைப்பது: ராமா, எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்கா?

வீட்டில் மீடியா சர்வர் அமைக்கும்போது படங்களை வைக்கும் டிஸ்குக்கு எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். டிரான்ஸ்கோடிங் (டிவிக்கோ போனுக்கோ ஏற்ற வடிவத்துக்குப் படத்தை ஓடும்போதே மாற்றுவது) நடக்கும்போது உருவாகும் தற்காலிகத் துண்டுகள் எங்கே போய் விழுகின்றன என்ற கேள்வி, ஒருநாள் படம் பாதியில் நின்ற பிறகுதான் வருகிறது. அப்போது தேடினால் கிடைக்கும் பதில்களும் இரண்டே ரகம்: "ராமில் போடு, பறக்கும்", "எஸ்எஸ்டியில் போட்டால் சீக்கிரம் செத்துவிடும்". இரண்டும் அரைகுறை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேகம் இங்கே கடைசிப் பிரச்சினை. எவ்வளவு இடம் வேண்டும், அந்த இடம் நிரம்பினால் கூடவே வேறு எது சாகும், எழுதி எழுதித் தேயும் பொருளில் வைக்கிறோமா, இந்த மூன்றைப் பார்த்தால் போதும். பிளெக்ஸ், ஜெல்லிஃபின் என்ற இரண்டு மீடியா சர்வர் மென்பொருள்களையும் மனதில் வைத்து, லினக்ஸ் சர்வரை அடிப்படையாகக் கொண்டு இந்த வழிகாட்டி போகிறது.

உள்ளே நடப்பது என்ன

டிவியோ போனோ ஒரு கோப்பை அப்படியே வாங்கி ஓட்ட முடிந்தால் அது டைரக்ட் பிளே. சர்வர் கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு சரி. தற்காலிக ஃபோல்டரில் ஒரு பைட்டும் விழாது. முடியாதபோது சர்வர் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலை எழுப்புகிறது. பிளெக்ஸின் டிரான்ஸ்கோடரும் அதன் வழிவந்ததுதான். அது மூலக் கோப்பைப் படித்து, சில நொடி நீளமுள்ள துண்டுகளாக மாற்றித் தற்காலிக ஃபோல்டரில் எழுதுகிறது. டிவி அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறது.

இதிலும் இரண்டு வகை உண்டு. வீடியோவையே மீண்டும் என்கோட் செய்வது முழு டிரான்ஸ்கோடிங். வீடியோவைத் தொடாமல் நகலெடுத்து, ஆடியோவை மட்டுமோ வெளிக்கூட்டை (எம்கேவி, எம்பி4 போன்ற கோப்பு வடிவத்தை) மட்டுமோ மாற்றுவது ரீமக்ஸ். பிளெக்ஸ் இதை டைரக்ட் ஸ்ட்ரீம் என்கிறது. சிபியுவைப் பொறுத்தவரை ரீமக்ஸ் சும்மா. தற்காலிக ஃபோல்டரைப் பொறுத்தவரை இதுதான் எமன்.

ஒரு 4கே படம், 60 ஜிபி, சராசரி நொடிக்கு 70 மெகாபிட் என்று வையுங்கள். டிவிக்கு வீடியோ புரிகிறது, ட்ரூஎச்டி ஆடியோ புரியவில்லை. சர்வர் ஆடியோவை மட்டும் ஏஏசி ஆக்குகிறது. சர்வரின் நிர்வாகப் பக்கமான டேஷ்போர்டில் சிபியு சில சதவீதத்தைத் தாண்டாது, எல்லாம் நலமாகத் தெரியும். ஆனால் 70 மெகாபிட் வீடியோ மொத்தமும் தற்காலிக ஃபோல்டருக்கு நகலாகிக்கொண்டிருக்கிறது. வீடியோ என்கோட் வேலை இல்லாததால் இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை; இரண்டாம் படியில் வரும் த்ராட்டிலிங் என்ற கடிவாளமும் பிடிக்காவிட்டால், ஹார்ட் டிஸ்க் எவ்வளவு வேகமாகப் படித்துக் கொடுக்கிறதோ அவ்வளவு வேகத்தில் ஓடும். நொடிக்கு 150 எம்பி என்றால் முழுப்படமும் ஏழு நிமிடத்துக்குள் நகலாகிவிடும். 8 ஜிபி ராம் டிஸ்க் வைத்திருந்தால் ஒரு நிமிடம் முடியும் முன்பே நிரம்பிவிடும். "8 மெகாபிட்டுக்குக் குறைத்து ஓட்டும்போது ஒழுங்காக ஓடுகிறது, ஒரிஜினல் தரத்தில் வைத்தால்தான் நிற்கிறது" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தக் கதைதான்.

முதல் படி: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் வீட்டில் என்னதான் நடக்கிறது என்று ஒரு மாலை நேரம் ஒதுக்கிப் பாருங்கள். டேஷ்போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவியிலும் மூன்று கோப்புகளை ஓட்டுங்கள்: சாதாரண 1080பி படம் ஒன்று, கனமான 4கே படம் ஒன்று, படவடிவ சப்டைட்டில் உள்ளது ஒன்று. ப்ளூரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டிலைப் பல கருவிகளால் காட்ட முடியாது. அதை வீடியோமீது பதிக்க வேண்டியிருப்பதால் முழு டிரான்ஸ்கோடிங் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் டைரக்ட் பிளேயா, ரீமக்ஸா, முழு மாற்றமா என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கான காரணத்தையும் ஜெல்லிஃபின் டேஷ்போர்டு காட்டும்.

அதே நேரத்தில் டெர்மினலில், டியூ கட்டளையை வாட்ச் கட்டளையோடு சேர்த்து 5 நொடிக்கு ஒருமுறை தற்காலிக ஃபோல்டரின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பார்த்தால் போதும். ஏறிக்கொண்டே போகிறதா, ஓரிடத்தில் நின்று மெதுவாக நகர்கிறதா, படத்தை நிறுத்தியதும் காலியாகிறதா? எந்த விமர்சனக் கட்டுரையும் தராத தகவல் இது.

எல்லாமே டைரக்ட் பிளே என்று தெரிந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு டிவிதான் மாற்றம் கேட்கிறது என்றால், சர்வருக்கு ராம் வாங்குவதைவிட அந்த டிவிக்கு நல்ல ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்று வாங்குவது லாபம்.

இரண்டாம் படி: எவ்வளவு இடம்

மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி: மெகாபிட்டை 0.45ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 8 மெகாபிட் ஓட்டம் மணிக்கு 3.6 ஜிபி. 20 மெகாபிட் 9 ஜிபி. 80 மெகாபிட் ரீமக்ஸ் 36 ஜிபி.

வேகத்தையும் இதிலேயே பார்த்துவிடலாம். 8 மெகாபிட் என்பது நொடிக்கு 1 எம்பிதான். ஹார்டுவேர் என்கோடர் எட்டு மடங்கு வேகத்தில் முன்னே ஓடினாலும் நொடிக்கு 8 எம்பி. பத்து வருடப் பழைய ஹார்ட் டிஸ்கும் இதைத் தாங்கும். நொடிக்கு 7,000 எம்பி என்று பெட்டியில் அச்சடித்த என்விஎம்இ டிரைவை இதற்காகவே வாங்குவது, தெருமுனைக் கடைக்குப் போக விமான டிக்கெட் எடுப்பது மாதிரி.

இடத்தை முடிவு செய்வது த்ராட்டிலிங். படம் பார்ப்பவரைவிடக் குறிப்பிட்ட நேரம் முன்னே போனதும் டிரான்ஸ்கோடர் மூச்சு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. பிளெக்ஸில் இது 60 நொடி என்று ஏற்கெனவே அமைக்கப்பட்டிருக்கும். டிரான்ஸ்கோடர் பக்கத்தில் மாற்றலாம். ஜெல்லிஃபினில் அதை நாம்தான் இயக்க வேண்டும். டேஷ்போர்டில் பிளேபேக், அதற்குள் டிரான்ஸ்கோடிங் பக்கம் போய் "த்ராட்டில் டிரான்ஸ்கோட்ஸ்", "டெலீட் செக்மென்ட்ஸ்" இரண்டையும் சேர்த்தே டிக் செய்யுங்கள். இரண்டாவது வசதி 2024இல் வந்த 10.9 பதிப்பிலிருந்து இருக்கிறது. பார்த்து முடித்த துண்டுகளை அழிப்பது அதன் வேலை. அதற்குக் கீழே இரண்டு எண்கள் இருக்கும்: எத்தனை நொடி முன்னே போனால் நிற்பது (180), பழைய துண்டுகளை எத்தனை நொடி வைத்திருப்பது (720).

இந்த இரண்டையும் கூட்டினால் 900 நொடி, அதாவது கால் மணி நேரம். ஓர் ஓட்டத்துக்கு எந்த நேரத்திலும் கால் மணி நேர வீடியோதான் ஃபோல்டரில் இருக்கும். 8 மெகாபிட்டுக்கு 900 எம்பி. 20 மெகாபிட்டுக்கு 2.25 ஜிபி. 80 மெகாபிட்டுக்கு 9 ஜிபி. ராம் போதவில்லை என்றால் 720ஐ 240 ஆக்குங்கள். 8 மெகாபிட் ஓட்டம் 420 எம்பிக்கு இறங்கிவிடும். இதனால் போவது ஒன்றுதான். யாராவது பத்து நிமிடம் பின்னால் இழுத்தால் அந்தத் துண்டு இருக்காது. டிரான்ஸ்கோடர் அங்கிருந்து மீண்டும் கிளம்ப ஓரிரு நொடி எடுக்கும்.

ரீமக்ஸ் ஓட்டத்தில் இந்தக் கடிவாளம் பிடிக்கிறதா என்பது மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடிய சமாச்சாரம். முதல் படியில் அந்தக் கனமான 4கே கோப்பை வைத்து அளக்கச் சொன்னது இதற்காகத்தான். ஃபோல்டர் நிற்காமல் ஏறுகிறது என்றால், உங்கள் நூலகத்தில் உள்ள மிகப் பெரிய கோப்பின் அளவையே ஓர் ஓட்டத்துக்கான தேவையாக வையுங்கள். பிளெக்ஸ் வைத்திருப்பவர்களும் இப்படியே கணக்கிட்டால் ஏமாற்றம் வராது.

பிளெக்ஸில் தனியாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. போனுக்குத் தரம் குறைத்து டவுன்லோட் செய்தால், அதற்கென்று வேறு ஃபோல்டர் குறிப்பிடாவிட்டால், மாற்றப்பட்ட கோப்பு இந்தத் தற்காலிக ஃபோல்டரிலேயே முழுதாக உருவாகலாம். குழந்தைகள் ஊருக்குக் கிளம்பும் முன் பத்துப் படங்களை வரிசையில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். லைவ் டிவியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கான பஃபரும் இங்கேதான் சேரும். இவை இரண்டும் பழக்கத்தில் இருந்தால் ராம் யோசனையை விட்டுவிட்டு நேராக எஸ்எஸ்டி பகுதிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: எங்கே வைப்பது

முதலில், எங்கே வைக்கக் கூடாது. எஸ்டி கார்டு, பென் டிரைவ், மலிவு மினி பிசிகளில் மதர்போர்டோடு ஒட்டி வரும் இஎம்எம்சி: வேண்டாம். தேய்வைச் சமாளிக்கும் ஏற்பாடு இவற்றில் பலவீனம். இஎம்எம்சி செத்தால் கழற்றி மாற்றவும் முடியாது. நெட்வொர்க் ஷேரும் வேண்டாம். படமும் அதே கேபிளில் வந்து, துண்டும் அதே கேபிளில் திரும்பிப் போய், மறுபடி டிவிக்கும் அதே கேபிளில் வர வேண்டியிருக்கும். பாரிட்டி (ஒரு டிஸ்க் செத்தால் அதில் இருந்ததை மீட்க உதவும் கணக்கு) உள்ள டிஸ்க் தொகுப்பு, உதாரணமாக அன்ரெய்ட் என்ற சர்வர் இயங்குதளத்தின் அர்ரே, மூன்றாவது. அங்கே ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் பழைய டேட்டாவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுதியாக வேண்டும். அரை மணியில் குப்பைக்குப் போகும் துண்டுகளுக்கு இத்தனை பாதுகாப்பு தேவையே இல்லை.

சாதாரண ஹார்ட் டிஸ்கில் வைத்தால் ஓடும். ஓர் ஓட்டத்துக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அதே டிஸ்கிலிருந்து நான்கு பேருக்குப் படம் படித்துக்கொண்டு, நான்கு பேருக்குத் துண்டும் எழுதும்போது ஹெட் அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும். டிஸ்க் தூங்கவும் தூங்காது. ஹாலில் சர்வர் இருந்தால் அந்தக் கரகர சத்தம் இரவில் நன்றாகவே கேட்கும்.

மிஞ்சுவது எஸ்எஸ்டியும் ராமும்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயத்தை எண்களோடு வைத்துப் பாருங்கள். தினமும் 4 மணி நேரம், 8 மெகாபிட்: நாளுக்கு 14.4 ஜிபி, வருடத்துக்கு 5 டிபி சொச்சம். சாம்சங் 870 இவோ 250 ஜிபி டிரைவுக்கு நிறுவனம் சொல்லும் எழுத்து ஆயுள் 150 டிபி. அது தீர 28 வருடம் ஆகும். அதற்குள் சாட்டா போர்ட்டே காணாமல் போயிருக்கும். இனி பெரிய குடும்பம். ஐந்து பேர், ஆளுக்கு 4 மணி நேரம், 20 மெகாபிட்: நாளுக்கு 180 ஜிபி, வருடத்துக்கு 66 டிபி. இப்போது அதே டிரைவுக்கு ஆயுள் இரண்டேகால் வருடம். 300 டிபி உள்ள 500 ஜிபி மாடலுக்கு நாலரை வருடம். பயம் நியாயமாவது இங்கேதான். கிங்ஸ்டன் ஏ400 மாதிரி மலிவு டிரைவின் 240 ஜிபி மாடலுக்கு 80 டிபிதான் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வாங்கும்போது பெட்டியில் வேகத்தைப் பார்க்காமல், விவரத்தாளில் டிபிடபிள்யூ என்ற எண்ணை, அதாவது இந்த எழுத்து ஆயுளைத் தேடுங்கள்.

ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் மலிவு வகை எஸ்எஸ்டிகளான க்யூஎல்சி டிரைவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேகமாக எழுத ஒதுக்கிய கேஷ் பகுதி தீர்ந்ததும் அவற்றின் எழுதும் வேகம் விழும். 870 க்யூவிஓ 1 டிபி மாடல் நொடிக்கு 80 எம்பிக்கு வந்துவிடும். கேட்க மோசமாக இருந்தாலும் அது 640 மெகாபிட். வீட்டு உபயோகத்தில் அதை நிரப்ப ஆளில்லை. இருக்கிற க்யூஎல்சி டிரைவைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், கால்வாசி இடத்தைக் காலியாக விட்டு வைத்தால் போதும்.

எங்கள் தேர்வைச் சொல்லிவிடுகிறோம். சர்வரில் ஏற்கெனவே 16 ஜிபிக்கு மேல் ராம் இருந்து, அதில் பாதி சும்மா கிடந்தால் ராமில் வையுங்கள். இல்லையென்றால், ஏற்கெனவே இருக்கும் எஸ்எஸ்டியில் தனிப் பார்ட்டிஷன் ஒன்றை ஒதுக்குங்கள். டிரான்ஸ்கோடிங்குக்காக மட்டும் புதிதாக ராம் வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 2025இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை போன போக்கைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அந்தப் பணத்தில் நல்ல எஸ்எஸ்டி வந்துவிடும், ரீமக்ஸுக்கும் அது பயப்படாது.

ராமின் வேகம் உதவும் இடம்

தற்காலிக ஃபோல்டருக்கு ராமின் வேகம் பொருட்டே இல்லை. ஆனால் சிபியுவோடு சேர்ந்த கிராபிக்ஸில், உதாரணமாக இன்டெல் சிப்புகளில் உள்ள குயிக் சிங்க் என்ற வீடியோ மாற்றும் வசதியில், டிரான்ஸ்கோடிங் செய்தால் அந்தக் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. சர்வரின் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். 10 பிட் 4கே ஃபிரேம் ஒன்று, சுருக்கப்படாத நிலையில் ஏறக்குறைய 25 எம்பி. டிகோடர், அளவு குறைப்பது, எச்டிஆரைச் சாதாரண வண்ணத்துக்கு இறக்கும் டோன் மேப்பிங், என்கோடர் என்று வழியெங்கும் இருபது முப்பது ஃபிரேம்கள் நின்றால், ஓர் ஓட்டத்துக்கே அரை ஜிபியைத் தாண்டும். ஃபிரேம்கள் ஒவ்வொரு கட்டத்திலும் ராமுக்குள் போய் வருகின்றன. படம் நொடிக்கு 24 ஃபிரேம், நான்கு மடங்கு வேகம் என்றால் ஒரு கட்டத்துக்கு மட்டும் நொடிக்கு 2.4 ஜிபி போக்குவரத்து.

இரண்டு சேனலில் இரண்டு டிடிஆர்4-3200 ராம் குச்சிகள் இருந்தால் பாதை நொடிக்கு 51.2 ஜிபி அகலம். ஒரே குச்சி என்றால் 25.6. ஆகவே 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்குவதைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் மேல். இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி வாங்குபவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது; அந்தச் சிப்புக்கு ஒரே சேனல்தான், இன்டெல் அதிகாரபூர்வமாகச் சொல்லும் உச்சவரம்பும் 16 ஜிபி. அங்கே டிடிஆர்5-4800 உள்ள மாடலை எடுத்தால் பாதை 38.4 ஜிபி ஆகும். அதே விலையில் இரண்டும் கிடைத்தால் டிடிஆர்4 மாடலை விட்டுவிடுங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இந்தச் சுமை அதன் சொந்த நினைவகத்தில் விழும். 2 ஜிபி உள்ள பழைய கார்டுகள் 1080பி ஓட்டங்களைப் பல வருடம் இழுத்தாலும், 4கே எச்டிஆர் கோப்புகள் இரண்டு மூன்று சேர்ந்தால் திணறுவது இதனால்தான். சிபியுவிலேயே மாற்றுபவர்களுக்கு ராம் தேவை என்கோடரின் ப்ரீசெட்டை (வேகமா தரமா என்று முடிவு செய்யும் தயார் அமைப்பை) பொறுத்தது: எக்ஸ்264 என்ற என்கோடர் வெரிஃபாஸ்டில் 10 ஃபிரேம் முன்னோக்கிப் பார்க்கும், மீடியத்தில் 40. ராமைவிட அங்கே கோர்கள்தான் முதலில் தீரும்.

நான்காம் படி: ராமில் அமைப்பது

லினக்ஸில் இதற்கு, ராமையே டிஸ்க் போலப் பயன்படுத்த விடும் டிஎம்பிஎஃப்எஸ் இருக்கிறது. எட்டு ஜிபி என்று வரம்பு வைத்தால் உடனே எட்டு ஜிபியைப் பிடித்து உட்காராது. எழுத எழுதத்தான் ராமை எடுக்கும், அழித்ததும் திருப்பிக் கொடுக்கும்.

முதலில் வரம்பை முடிவு செய்யுங்கள். சர்வர் பரபரப்பாக இருக்கும் நேரத்தில் ஃப்ரீ கட்டளை காட்டும் "அவைலபிள்" எண்ணை எடுத்து, அதில் 2 ஜிபியைக் கழித்து, மீதியில் முக்கால்வாசி. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் கவனம்: அதன் ஏஆர்சி கேஷ் ராமில் பாதியையோ அதற்கு மேலுமோ எடுத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும் என்றாலும், திடீரென்று கேட்டால் தாமதமாகத்தான் கொடுக்கும். ஏஆர்சிக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள்.

அடுத்து, எம்என்டி ஃபோல்டருக்குள் டிரான்ஸ்கோட் என்று ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கி, பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கு ஒரு வரி சேருங்கள். கருவி, வகை இரண்டு இடத்திலும் டிஎம்பிஎஃப்எஸ். விருப்பங்களில் சைஸ் 8ஜி, மோட் 0770, கூடவே ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸ் பயனரின் யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்). எண்களை ஐடி கட்டளை சொல்லும். லினக்ஸ் கெர்னல் 6.4 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் நோஸ்வாப் என்பதையும் சேர்க்கலாம். இல்லாவிட்டால் நெருக்கடியில் டிஎம்பிஎஃப்எஸ் பக்கங்கள் ஸ்வாப்புக்கு, அதாவது ராம் போதாதபோது பயன்படுத்தும் டிஸ்க் இடத்துக்குப் போகும். எந்த டிஸ்கைக் காப்பாற்ற ராமுக்கு வந்தோமோ அதே டிஸ்கில் போய் எழுதிக்கொண்டிருக்கும். ஸ்வாப்பை ராமிலேயே சுருக்கி வைக்கும் இசட்ராம் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். என்கோட் ஆன வீடியோ ஏற்கெனவே சுருங்கியது, மேலும் சுருங்காது.

சர்வரை ஒருமுறை ரீபூட் செய்து டிஎஃப் கட்டளையில் அந்த வரி தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு பிளெக்ஸில் "ஷோ அட்வான்ஸ்டு" அழுத்தி டிரான்ஸ்கோடர் பக்கத்தில் "டிரான்ஸ்கோடர் டெம்பரரி டைரக்டரி", ஜெல்லிஃபினில் "டிரான்ஸ்கோட் பாத்": இங்கே புதிய பாதையைக் கொடுங்கள். கரண்ட் போனால் உள்ளே இருந்தது எல்லாம் போகும், போகட்டும். அரை மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தேவைப்படாத துண்டுகள்தானே.

நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிக் கூடுகளில் ஓட்டும் டாக்கரில் சர்வர் ஓடுகிறது என்றால் ஒரு குழி காத்திருக்கிறது. "டெவ் எஸ்எச்எம் ராமில்தான் இருக்கிறது, அதையே கொடு" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கன்டெய்னருக்குள் இருக்கும் டெவ் எஸ்எச்எம்முக்கு டாக்கர் இயல்பாகக் கொடுப்பது 64 எம்பி. 8 மெகாபிட் படம் ஒரு நிமிடம் ஓடிவிட்டு நிற்கும். வெளியே அமைத்த டிஎம்பிஎஃப்எஸ் ஃபோல்டரை வால்யூமாக உள்ளே கொடுங்கள், அல்லது கம்போஸ் கோப்பில் டிஎம்பிஎஃப்எஸ் பகுதியில் அளவோடு குறிப்பிடுங்கள். கன்டெய்னருக்கு நினைவக வரம்பு வைத்திருந்தால் அங்கே எழுதும் துண்டுகளும் அந்த வரம்புக்குள்தான் எண்ணப்படும். 4 ஜிபி வரம்பு, 8 ஜிபி டிஎம்பிஎஃப்எஸ் என்று வைத்தால், துண்டுகள் சேரச் சேர கெர்னல் வந்து சர்வர் நிரலையே கொன்றுவிடும். ப்ராக்ஸ்மாக்ஸின் எல்எக்ஸ்சி கன்டெய்னருக்கும் இதே விதி.

அன்ரெய்டில் டிஎம்பி ஃபோல்டரைக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அந்த அமைப்பே ராமிலிருந்து ஓடுவதால் அது ராம்தான், சரி. ஆனால் அங்கே துண்டுகளுக்கென்று தனி வரம்பு எதுவும் இல்லை. ரீமக்ஸ் ஒன்று கட்டவிழ்ந்து ஓடினால் சர்வர் மொத்தமும் முடங்கும். சர்வரின் சொந்த டெவ் எஸ்எச்எம்முக்கு ராமில் பாதி என்ற வரம்பு இருக்கிறது, அதற்குள் வையுங்கள்.

ஐந்தாம் படி: எஸ்எஸ்டியில் அமைப்பது

இங்கே முக்கியம் ஒன்றே: தனிப் பார்ட்டிஷன். பிளெக்ஸும் ஜெல்லிஃபினும் இயல்பாகத் தங்கள் சொந்தக் கேஷ் ஃபோல்டருக்குள்தான் டிரான்ஸ்கோடிங் செய்கின்றன. பல அமைப்புகளில் டேட்டாபேஸ் இருப்பதும் அதே டிஸ்கில்தான். ஒரு ரீமக்ஸ் அந்த டிஸ்கை நிரப்பினால் படம் மட்டும் நிற்காது. டேட்டாபேஸால் எழுத முடியாமல் சர்வர் தடுமாறும், லாகின்கூட ஆகாது. பார்ட்டிஷன் தனி என்றால் சேதம் அந்த ஒரு படத்தோடு போச்சு.

அளவு: உங்கள் மிகப் பெரிய கோப்பு பெருக்கல் ஒரே நேரத்தில் ரீமக்ஸ் பார்ப்பவர்கள், அதோடு 20 ஜிபி. பெரும்பாலான வீடுகளுக்கு 100 முதல் 150 ஜிபி. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 போதும். ரூட் பயனருக்காக அது 5 சதவீத இடத்தைத் தனியே பிடித்து வைக்கும். 100 ஜிபியில் 5 ஜிபி வீண். டியூன்2எஃப்எஸ் கட்டளையில் எம் விருப்பத்துக்கு 0 கொடுத்து அதை மீட்டுவிடுங்கள். மவுண்ட் செய்யும்போது நோஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தை எழுதாதே என்ற விருப்பம்) சேருங்கள். எந்த இடம் அழிக்கப்பட்டது என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் வேலையைச் செய்யும் எஃப்எஸ்டிரிம் டைமர் ஓடுகிறதா என்று சிஸ்டம்சிடிஎல் மூலம் ஒருமுறை உறுதி செய்யுங்கள். எழுதி அழித்து எழுதி அழித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் டிரிம் இல்லாவிட்டால் டிரைவ் நாளுக்கு நாள் மந்தமாகும்.

பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டங்கள்மீது வைப்பவர்கள் ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைக்கும் வசதி) மறந்துவிடுகிறார்கள். மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும் டேட்டாசெட்டுக்குள் இந்த ஃபோல்டர் இருந்தால், சர்வர் அழித்த துண்டுகளை ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபோல்டர் காலி, டிஸ்க் ஃபுல் என்ற விநோதம் அப்படித்தான் வருகிறது. தனி டேட்டாசெட் உருவாக்கி அதற்கு ஸ்னாப்ஷாட்டை நிறுத்துங்கள், கம்ப்ரஷனையும் நிறுத்திவிடலாம்.

விண்டோஸ் சர்வரில் ராம் டிஸ்க் மென்பொருள்களோடு மல்லுக்கட்டாமல், சி டிரைவ் அல்லாத எஸ்எஸ்டி பார்ட்டிஷன் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஆன்டிவைரஸ் அந்த ஃபோல்டரை ஸ்கேன் செய்யாதபடி விலக்கு வையுங்கள்.

கோளாறு வந்தால்

படம் தொடங்கிச் சில நொடியிலோ சில நிமிடத்திலோ நின்றால் முதலில் லாகைத் திறங்கள். "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற வரி இருந்தால் வரம்பு போதவில்லை, அல்லது டாக்கரின் அந்த 64 எம்பி. "பெர்மிஷன் டினைடு" என்றால் யூஐடி தவறு. டாக்கரில் வெளியே உள்ள பயனர் எண்ணும் உள்ளே உள்ள எண்ணும் வேறாக இருப்பதே வழக்கமான காரணம்.

ரீபூட்டுக்குப் பிறகு மட்டும் எதுவும் ஓடவில்லையா? டிஎம்பிஎஃப்எஸ்ஸுக்குள் நீங்கள் கையால் உருவாக்கிய துணை ஃபோல்டர் ஒன்றைப் பாதையாகக் கொடுத்திருப்பீர்கள்; ரீபூட்டில் அது மறைந்துவிடும். மவுண்ட் ஆன ஃபோல்டரையே நேராகக் கொடுங்கள். டெபியன் 13க்கு ஏறியவர்களுக்கு இன்னொரு மாற்றம்: டிஎம்பி ஃபோல்டர் அங்கே இயல்பாகவே ராமுக்கு வந்துவிட்டது, ராமில் பாதி என்ற வரம்போடு. முன்பு டிஸ்கில் 200 ஜிபி இருக்கிறது என்ற தைரியத்தில் டிஎம்பியைக் கொடுத்திருந்தவர்களுக்கு, மேம்படுத்திய மறுநாள் அது, 8 ஜிபி ராம் உள்ள சர்வர் என்றால், 4 ஜிபியாகச் சுருங்கியிருக்கும்.

யாரும் பார்க்காதபோதும் ஃபோல்டரில் பல ஜிபி கிடந்தால், சர்வர் இடையில் செத்துப் பிழைத்ததில் தங்கிப்போன அனாதைத் துண்டுகள் அவை. சர்வீஸை நிறுத்தி, உள்ளே உள்ளதை அழித்து, மறுபடி தொடங்குங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்தால் யாருடைய படமாவது நிற்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் படம் திக்கினால், குற்றவாளி இந்த ஃபோல்டராக இருக்காது. டேஷ்போர்டில் டிரான்ஸ்கோடிங் வேகத்தைப் பாருங்கள். அது 1.0 மடங்குக்குக் கீழே போனால் என்கோடருக்குத் தெம்பு இல்லை. ஹார்டுவேர் முடுக்கம் வேலை செய்யாமல் சிபியுவுக்கு விழுந்திருக்கிறதா என்று தேட வேண்டியது அங்கே. வேகம் 3, 4 என்று காட்டியும் திக்கினால் வைஃபையைப் பாருங்கள்.